அம்மாவுக்கு இது போதும்

"அம்மாவுக்கு இது போதும்."

2019 மார்ச் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டு இதைச் சொன்னவள் நான்தான். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று போன்களை எடுத்து வைத்திருந்தார். ஒன்பதாயிரம் ரூபாய்ப் போனை அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேசத்தானே போறாங்க, எதுக்கு இவ்வளவு பெருசு?" என்றான். கடைசியில் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு இருந்ததை எடுத்தோம். ஒரு ஜிபி ராம், எட்டு ஜிபி சேமிப்பு. பெட்டியின் பக்கவாட்டில் 'ஆண்ட்ராய்டு கோ' என்று அச்சிட்டிருந்தது.

அப்போது நான் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஒரு ஜிபி என்றால் என்ன என்று அந்தக் கடைக்குள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பணம் கொடுத்தவளும் நான்தான். அதனால் அந்த வார்த்தையை அண்ணன் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அதற்கு முந்தைய தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். நான்கு ஜிபி. அப்பா அதில் பேசுவார், பழைய பாட்டுப் பார்ப்பார், விடிந்ததும் சொந்தக்காரர்களுக்குக் காலை வணக்கப் படம் அனுப்புவார். அம்மாவோ பதினாலு பெண்கள் இருக்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். வீட்டில் வேலைக்காகப் போன் தேவைப்பட்டவள் அவள்தான். ஆனாலும் அப்பாவுக்கு நான்கு, அம்மாவுக்கு ஒன்று என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் கை கணக்குப் போட்டுவிட்டது. சோற்றை எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் அடிச்சட்டியைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த கை அது.

*

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகை பறிக்கும் ஊர். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள். வெயில் ஏறும் முன் பூ மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். எட்டாவது வரை படித்தவள். 2008-ல் எங்கள் தெருவில் குழு தொடங்கியபோது எழுதப் படிக்கத் தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி. அப்படித்தான் ஊக்குநர் ஆனாள்.

இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளுக்குக் குழு என்றால் கடன் என்று மட்டும் தெரிந்திருக்கலாம். தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. எங்கள் ஊருக்கு வந்தபோது அதன் பலன் பணத்தோடு நிற்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் ராத்திரி, சமையலை முடித்துவிட்டு, பெண்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைத்தது. "குழுவுக்குப் போறேன்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அம்மா தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினாள். யார் எத்தனையாவது தவணையில் நிற்கிறார்கள் என்று நோட்டைத் திறக்காமல் சொல்வாள். பதின்மூன்று வருடத்தில் கணக்கு ஒரு ரூபாய் உதைத்ததில்லை.

*

எடை குறைந்த இயங்குதளம் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது மதுரையில், கல்லூரி விடுதியில். 2014-ல் என் அறைத்தோழி 1,999 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கி வந்தாள். அந்த விலைக்கு ஸ்மார்ட்போனா என்று விடுதியே எங்கள் அறைக்கு வந்து பார்த்தது. அதில் ஓடியது ஆண்ட்ராய்டு இல்லை, ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ். உலாவி செய்யும் மொசில்லா அமைப்பு உருவாக்கியது. 2013-ல் வெளிநாடுகளிலும் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அந்தப் போனின் ராம் 128 எம்பி. இன்று கடையில் கிடைக்கும் எட்டு ஜிபி போனில் அறுபத்து நாலில் ஒரு பங்கு.

அதற்குள் எப்படி ஒரு ஸ்மார்ட்போன் ஓடும்? அந்த இயங்குதளத்தில் செயலி என்பது ஓர் இணையப் பக்கம்தான். டயல் செய்யும் திரைகூட இணையப் பக்கம் எழுதும் மொழிகளிலேயே எழுதப்பட்டது. ஆண்ட்ராய்டு போடும் அடுக்குகளில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். போன் மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த ஒன்றை அது கண்முன் காட்டியது. குறைந்த வசதியில் ஓடுவது என்பது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுக்கும் முடிவு. எனக்கு அது பிடித்திருந்தது. அம்மா சமையலறையை நடத்தும் விதம் அது.

அந்தத் தளம் நீடிக்கவில்லை. வாட்ஸ்அப் நிறுவனம் அதற்கென்று செயலி தரவில்லை. வாட்ஸ்அப் இல்லாத போனை இந்தியாவில் யார் வைத்துக்கொள்வார்கள்? 2015 டிசம்பரில் மொசில்லா போன் முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. நிரல் திறந்த மூலமாக இருந்ததால் விதை சாகவில்லை. அதிலிருந்து கைஓஎஸ் என்று ஒன்று முளைத்தது. 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோனில் ஓடியது அதுதான். 512 எம்பி ராம், எண் விசைகள், சின்னத் திரை. 2018-ல் வாட்ஸ்அப்பும் அதற்குள் வந்தது. எங்கள் ஊரில் பூப் பறிக்கும் பெண்கள் பலர் கையில் முதன்முதலாக இணையம் வந்தது இப்படித்தான்.

அதே 2017-ல்தான் கூகுளும் ஆண்ட்ராய்டு கோ பதிப்பை அறிவித்தது. ஒரு ஜிபியோ அதற்குக் குறைவாகவோ ராம் உள்ள போன்களுக்காக. யூடியூப், கோப்புகள், தேடல் எல்லாவற்றுக்கும் எடை குறைத்த தனிச் செயலிகள் செய்தார்கள். அம்மாவுக்கு நான் வாங்கியது அந்த வகை.

*

நான் பத்தாவது படிக்கும்வரை எங்கள் வீடு ஒரே அறை. விடிந்ததும் பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினால்தான் நடக்க இடம் கிடைக்கும். ஒரு ஜிபி போனும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. ராம் என்பது அந்த அறை. உடனே தேவைப்படாத தகவல்களை, பாயைச் சுருட்டுவதுபோல, சுருக்கி ஓரமாக வைக்கும். தேவைப்படும்போது விரிக்கும். சுருட்டியும் இடம் பற்றவில்லை என்றால், கண்முன் இல்லாத செயலி எதையாவது நிறுத்திவிடும். சொல்லிவிட்டு நிறுத்தாது. நீங்கள் திரும்பி அந்தச் செயலிக்குப் போகும்போது அது முதலில் இருந்து தொடங்கும்.

ஆண்ட்ராய்டு அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, இது கோளாறு இல்லை. பெரிய போன்களிலும் நடக்கும். அங்கே அறை பெரிது என்பதால் அடிக்கடி நடக்காது. இப்படி நிறுத்தப்படலாம் என்று செயலி எழுதுகிறவர்களுக்குத் தெரியும். திரையை விட்டுப் போகும்போது பாதியில் இருக்கும் வேலையைக் குறித்துவைத்துக்கொள்ள இயங்குதளமே வாய்ப்பும் தருகிறது. குறித்துவைக்கும் நிரலை எழுதுவதா வேண்டாமா என்பது அவர்கள் கையில்.

கம்ப்யூட்டர் படித்த எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

*

2020 செப்டம்பர். கொரோனா காலம். நான் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். வங்கிக் கிளையில் கூட்டம் சேரக் கூடாது என்று குழுத் தவணையைப் போனிலேயே கட்டச் சொல்லிவிட்டார்கள். உறுப்பினர்கள் கொடுக்கும் பணத்தை அம்மா தன் கணக்கில் போட்டு, அங்கிருந்து கடன் கணக்குக்கு மாற்ற வேண்டும். பதினைந்து இலக்கக் கணக்கு எண். பூக்காம்பு குத்திக் காய்ப்பேறிய விரலால் ஒவ்வொரு எண்ணாக அழுத்துவாள். தொகையைப் போடுவாள். போனுக்கு ஓடிபி வரும். ஓடிபியைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போவாள். ஆறு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பி வருவாள். அங்கே எல்லாம் வெறுமையாக இருக்கும். மறுபடி முதலில் இருந்து.

மூன்று முறை ஆனால் அன்றைக்கு அவ்வளவுதான், செயலி பூட்டிக்கொள்ளும்.

அம்மா போனோடு என் அறை வாசலில் வந்து நிற்பாள். நான் காதில் மாட்டியதைக் கழற்றாமல் கையைக் காட்டுவேன். "செத்த இரும்மா, மீட்டிங்." அவள் கொஞ்ச நேரம் நிற்பாள், அப்புறம் போய்விடுவாள். அந்த மாதங்களில் கதவுக்கு இந்தப்பக்கம் நான் செய்துகொண்டிருந்த வேலை, ஒரு செயலியின் படிவங்கள் பல போன்களில் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது.

ஒரு நாள் அண்ணன் பொறுமை இழந்து அம்மாவின் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு, செயலியை அதில் இறக்கி, இரண்டே நிமிடத்தில் கட்டி முடித்தான். "பாத்தியா, எவ்வளவு ஈஸி. நீ எங்கியோ தப்பா அமுக்குற."

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணால் பார்த்ததைச் சொன்னான். அதே செயலி, அதே எண், அதே வீடு. அவன் கையில் நடந்தது, அவள் கையில் நடக்கவில்லை. அவன் போனில் ஆறு ஜிபி என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. கை மட்டும்தான் தெரியும். அதனால் குற்றம் கையின்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் அது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. "அம்மாவுக்குப் போனெல்லாம் வராது." வாரம் ஒருமுறையாவது யாராவது சொல்வோம். நானும் சிரித்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அம்மாவே சொல்ல ஆரம்பித்தாள். "எனக்கு ஞாபகம் நிக்க மாட்டேங்குது பாப்பா. ஓடிபி பாத்துட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுப்புடறேன் போல." பதினாலு பேரின் தவணையை நோட்டுப் பார்க்காமல் சொல்கிறவள், தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டாள். ராமுக்குத் தமிழில் நினைவகம் என்று பெயர். நினைவு போதாமல் மறந்தது போன்தான். பழியை ஏற்றுக்கொண்டது அவள்.

இரண்டு மாதத் தவணை தள்ளிப்போனது. அபராதம் 340 ரூபாய். அம்மா தன் பூக்காசில் இருந்து கட்டினாள். குழுவில் யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். 2021 ஜூலைக் கூட்டத்தில் அம்மா பொறுப்பை விட்டுக்கொடுத்தாள்.

*

எனக்கு இது முழுதாகத் தெரிந்தது 2022 பொங்கலுக்கு. மறுநாள் மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்தபோது, மின்கட்டணம் கட்டித் தரச் சொல்லி அம்மா போனை நீட்டினாள். "நீயே கட்டும்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்றேன். பெரிய மனது என்று நினைக்க வேண்டாம், எழுந்திருக்கச் சோம்பல்.

அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒரு எண்கூடத் தப்பில்லை. ஓடிபி வந்தது. குறுஞ்செய்திக்குப் போனாள். திரும்பினாள். திரை வெள்ளையாகி, செயலியின் சின்னம் வந்து, முதல் பக்கம் திறந்தது.

"பாத்தியா, போச்சு" என்றாள். பழகிப்போன குரல்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த வெள்ளைத் திரையை எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தப்பட்ட செயலி மறுபடி பிறக்கும்போது வரும் திரை அது. சோதனை செய்கிறவர்கள் போனின் அமைப்புகளில் ஒன்றை மாற்றி வேண்டுமென்றே இதை வரவழைத்துப் பார்ப்போம்.

"அம்மா, நீ எதையும் அழிக்கல. இந்தப் போனுக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலையை வச்சுக்க இடம் பத்தல. நீ மெசேஜைத் தொறந்ததும் அது இதைத் தூக்கிப் போட்டுருது."

அம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம்மேல தப்பு இல்லையா?"

"இல்ல."

"அண்ணனோட போனுல?"

"அதுல இடம் ஜாஸ்தி."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்துபோய் அடுப்பில் பாலை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். "இந்த ஒரு வார்த்தையை ரெண்டு வருசம் முன்னாடி யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். ஓடிபி வந்தால் செயலியை விட்டு வெளியே போகாதே. திரையின் மேல் விளிம்பில் விரலை வைத்துக் கீழே இழு. வந்த செய்தி அங்கேயே தெரியும். எண்ணைப் பார்த்துக்கொண்டு மறுபடி மேலே தள்ளிவிடு. அப்படிச் செய்தால் செயலி கண்முன்னேதான் இருக்கிறது, போன் அதை நிறுத்தாது. ஐந்து நிமிடம் ஆகவில்லை. மின்கட்டணம் கட்டியாயிற்று.

*

அன்று ராத்திரி தீர்மான நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2021 ஜூலைப் பக்கத்தில், அம்மாவின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது: ஊக்குநருக்குக் கைபேசி இயக்கத் தெரியாத காரணத்தால் பொறுப்பை மாற்றிக்கொடுப்பதாக ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே பதினாலு கையெழுத்து. முதல் கையெழுத்து அவளுடையது.

புதிதாகப் பொறுப்பேற்றவருக்கும் போன் வேலை தெரியாது. அவருடைய மகனுக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கிற, நல்ல போன் வைத்திருக்கிற, உதவும் குணமுள்ள பையன். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இப்போது அவன் திண்ணையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பான், தொகை சொன்னதும் கட்டுவதற்காக. அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவன் இருக்கும்போது பெண்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். வீட்டுக்காரர் அடித்ததை யாரும் இப்போது அங்கே சொல்வதில்லை.

ஒரு செயலி தன் படிவத்தைக் குறித்துவைக்காமல் விட்டதற்கு எங்கள் தெரு கொடுத்த விலை இது. எந்தப் பிழைப் பட்டியலிலும் இது வராது.

பிழைப் பட்டியல் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று. விடுமுறை முடிந்து வேலையில் உட்கார்ந்ததும் எங்கள் செயலியின் பழைய பதிவுகளைத் தேடினேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் தேடினேன். 2019-ல் என் குழுவில் இருந்த ஒரு பெண் எழுதிய பதிவு: குறைந்த நினைவகப் போனில், பாதி நிரப்பிய படிவம், வேறு செயலிக்குப் போய் வந்தால் அழிந்துவிடுகிறது. அடியில் முடிவு: திருத்தத் தேவையில்லை. பயனர்களில் மிகச் சிலருக்கே இப்படி நடக்கும் என்பது காரணம். முடிவைப் பதிந்து மூடியவரின் பெயர் என் பெயர்.

அம்மா பயன்படுத்தியது எங்கள் செயலி இல்லை. ஆனால் அதைச் செய்த இடத்திலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து இதேபோல ஒன்றை மூடியிருப்பாள் என்று நினைக்கிறேன். எங்கள் மேசைகளில் இருந்தவை எல்லாம் ஆறு ஜிபி, எட்டு ஜிபி போன்கள். ஒரு ஜிபி போன் ஒன்று இழுப்பறைக்குள் கிடந்தது. சார்ஜ் போடாமல்.

அந்தப் பதிவை மறுபடி திறந்தேன். கூட்டத்தில் "எத்தனை பேருக்கு இது நடக்குது?" என்று கேட்டார்கள். எண்ணிக்கை சின்னதுதான். "அந்தச் சிலர் யாருன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். ரகசியக் குறியீட்டைச் சேமிக்கக் கூடாது, சரி. கணக்கு எண்ணும் தொகையும் இருந்தால் என்ன? மூன்று மாதம் வரிசையில் கிடந்து, பிறகு திருத்தினார்கள். எழுதி முடிக்க ஆன நேரம் இரண்டு நாள்.

*

எங்கள் வீட்டில் நடந்ததை ஒரு வீட்டுக் கதையாக விட முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் கைபேசி தங்களிடம் இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்தியாவில் 54 சதவீதம். ஒருமுறையாவது இணையம் பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். போன் இருக்கிறதா இல்லையா என்றுதான் ஆய்வு கேட்கும். எத்தனை ஜிபி என்று கேட்காது. வீட்டில் புதுப் போன் யாருக்கு, பழைய போன் யாருக்கு, திரை உடைந்தது யாருக்கு என்ற வரிசை உங்கள் வீட்டிலும் இருக்கும். எண்ணிப் பாருங்கள். வரிசையின் கடைசியில் நிற்கிறவர் கையில்தான் இயங்குதளம் மூச்சு வாங்கும். தெரியாதவர் என்ற பட்டமும் அவருக்குத்தான் கிடைக்கும்.

இந்தப் பட்டத்தை ஏற்க மறுத்த பெண்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் குழந்தைகளின் விவரத்தைப் பதிய அரசு கைபேசி கொடுத்திருந்தது. ராம் இரண்டு ஜிபி. பதிய வேண்டிய செயலியை அது தாங்கவில்லை. 2021-ல் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் அந்தப் போன்களைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். எங்களுக்குத் தெரியவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை, போன் ஆகாது என்றார்கள். அந்தச் செய்தியை நான் அப்போதே படித்திருந்தேன். அதே ஆண்டில்தான் அம்மா பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. அம்மாவுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம், சிரித்துக்கொண்டு.

எடை குறைந்த தளங்களை நான் குறை சொல்ல வரவில்லை. 1,999 ரூபாய்ப் போனையும் ஜியோபோனையும் செய்தவர்களின் யோசனை இல்லை என்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இணையம் இன்னும் பல வருடம் கழித்துத்தான் வந்திருக்கும். ஆனால் தளம் மெலிந்தால் மட்டும் போதாது, அதன்மேல் வந்து உட்காரும் செயலியும் மெலிய வேண்டும். அந்தப் பக்கம் யாரும் உண்ணாவிரதம் இருப்பதில்லை. செயலிகள் மாதாமாதம் கனக்கின்றன. 2022 ஆகஸ்டில் யூடியூபின் எடை குறைந்த பதிப்பை நிறுத்தினார்கள். அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 13-ல் கோ போன்களுக்கே குறைந்தபட்சம் இரண்டு ஜிபி ராம், பதினாறு ஜிபி சேமிப்பு என்று ஆக்கினார்கள். ஐந்தே வருடத்தில் கடைசிப் படிக்கட்டு உயர்ந்துவிட்டது. கீழே நிற்கிறவரிடம் யாரும் சொல்லிவிட்டு உயர்த்தவில்லை.

ஒவ்வொரு செயலிக்கும் குறைந்தபட்சத் தேவை என்று ஒன்று எழுதியிருக்கும். இவ்வளவு ராம், இந்தப் பதிப்பு. போனுக்கு எழுதியது போலத் தெரியும். யாரை உள்ளே விடுவது என்பதற்கும் அது அளவு. அதை எழுதும் மேசையில் இன்று நம் மகள்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். இழுப்பறைக்குள் கிடக்கும் ஒரு ஜிபி போனுக்கு முதலில் சார்ஜ் போடுங்கள். உங்கள் அம்மா கையில் இருப்பது அதுதான்.

*

அம்மாவுக்கு அந்த வருடமே நான்கு ஜிபி போன் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பழையதைத் தூக்கிப் போட விடவில்லை.

நோட்டில் இருந்த அந்த வரியைப் பற்றி ஒருநாள் கேட்டேன். "அதை அடிச்சிடும்மா. அது உண்மை இல்லையே."

"எழுதுன தீர்மானத்தை அடிக்கக் கூடாது பாப்பா. பதினாலு பேர் கையெழுத்துப் போட்டது. மாத்தணும்னா அடுத்த கூட்டத்துல புதுசாத்தான் எழுதணும்."

பொறுப்பை அவள் திரும்பக் கேட்கவில்லை. கொடுத்ததைப் பிடுங்குவது அவள் வழக்கம் இல்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் பழைய போனையும் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த முறை ஊருக்குப் போனபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஊக்குநர் இல்லாவிட்டாலும் எழுதியது அம்மாதான் போல, அதே குண்டு எழுத்து. சேமிப்பு, தவணை, வரவு, செலவு. அதற்குக் கீழே நான்காவது தீர்மானம்:

ஓடிபி வந்தால் வெளியே போகாமல் மேலிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது உறுப்பினர்களுக்குச் செய்து காட்டப்பட்டது. பதினாலு பேரும் செய்து பார்த்தனர்.